நேபாள நடைக்கு எந்த டவுன் ஜக்கெற்? சித்தியிடம் சொல்லி அனுப்ப வேண்டியவை

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வருகிற நவம்பரில் தோழிகள் மூன்று பேருடன் நேபாளத்தில் அன்னபூர்ணா அடிவார முகாம் வரை நடக்கப் போகிறீர்கள். ரொறன்ரோவில் இருக்கும் சித்தி நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார், ஒரு டவுன் ஜக்கெற், அதாவது பறவையின் மென்தூவி அடைத்த குளிர் உடுப்பு, வாங்கி வரச் சொல்லலாம். எதைச் சொல்வது? 900 என்று போட்டிருப்பதுதான் திறமா? பெண்களுக்கென்று தனியாக எடுக்க வேண்டுமா, அல்லது அண்ணா கனடாவில் போட்டுவிட்டுத் தந்த தடித்த கோட்டையே கொண்டுபோகலாமா? வீட்டில் எல்லோரும் சைவம், இறகு அடைத்த உடுப்பு சரிவருமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

நான் பன்னிரண்டு குளிர்காலம் ஸ்காபரோவில் கழித்துவிட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பி வந்தவள். அன்னபூர்ணாப் பாதையை இரண்டு முறை நடந்திருக்கிறேன். முதல் முறை நல்ல ஜக்கெற்றைக் கொண்டுபோய்ப் பிழையாகப் போட்டேன். அந்தக் கதையைச் சொன்னால் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

தெயுராலி என்று 3,230 மீற்றரில் ஒரு தங்குமிடம். அங்கிருந்து விடியப்புறம், நல்ல இருட்டில், மச்சபுச்சரே அடிவார முகாமுக்குக் கிளம்பினோம். அது 3,700 மீற்றர். வாசலில் கால் வைத்ததும் மூக்கு விறைத்தது. டவுன் ஜக்கெற்றைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினேன். அரை மணித்தியாலத்தில் வியர்த்து ஊற்றியது. குளிருக்கென்று இவ்வளவு காசு கொடுத்து வாங்கினதைக் குளிருக்குள்ளேயே கழற்றுவதா என்று ஒரு பிடிவாதம், கழற்றவில்லை. மேலே போய் ஒரு கல்லில் இருந்தபோதுதான் காற்று வீசியது. முதுகில் முதுகுப்பை அழுத்திய இடம் முழுக்க ஈரம், உள்ளே இருந்த தூவி நனைந்த பஞ்சு மாதிரிக் கட்டிபட்டுக் கிடந்தது. பல்லுக் கிட்டிவிட்டது. எங்களோடு வந்த வழிகாட்டிப் பெடியன் ஏறும்போது ஒரு மெல்லிய சட்டையோடு வந்தான். இருந்த உடனே பையைத் திறந்து தன் ஜக்கெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தான். நான் போட்டிருந்த நேரமெல்லாம் அவனுடையது பைக்குள் இருந்தது. அவன் போட்ட நேரத்தில் என்னுடையது நனைந்திருந்தது.

ஆகவே, தங்கச்சி, டவுன் ஜக்கெற் என்பது நிற்கிற நேரத்து உடுப்பு. சூரியன் எழும்புவதைப் பார்க்க இருட்டில் நிற்கும்போது, பின்னேரம் தங்குமிடத்துச் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது, இரவில் கழிப்பறைக்குப் போகும்போது, நடுவில் பத்து நிமிடம் களைப்பாறும்போது போடுவது. நாளின் பெரும்பகுதி அது உங்கள் முதுகில் பாரமாகத்தான் இருக்கும். எதை வாங்குவது என்பதை இதை வைத்தே தீர்மானிக்கலாம்.

டவுன் என்றதும் எங்கள் ஆட்களுக்கு ரவுண் பஸ்தான் ஞாபகம் வரும். இது வேறு. தாராவுக்கும் பெரிய வாத்துக்கும் நெஞ்சுப் பக்கத்தில், வெளி இறகுக்கு அடியில் இருக்கும் மென்மையான பொருள். தமிழில் இதற்குத் தூவி என்ற அழகான சொல் இருக்கிறது. பழம்பாட்டுகளில் அரசிமார் படுத்த மெத்தைக்குள் இருந்தது அன்னத்தூவி. இறகு மாதிரித் தூவிக்கு நடுவில் ஈர்க்குக் கிடையாது. ஒரு புள்ளியில் இருந்து நாலு பக்கமும் இழை விரிந்திருக்கும், எருக்கலங்காய் வெடித்துப் பறக்குமே, அந்தப் பஞ்சு மாதிரி. இந்த இழைகளுக்கு நடுவில் அகப்பட்டு அசையாமல் நிற்கிற காற்றுத்தான் குளிரை மறிக்கிறது. தூவி தானாகச் சூடு தருவதில்லை, உங்கள் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கு இடமில்லை. அமுக்கினாலும் அதே கதை. ஈரமும் அமுக்கமும்தான் இதற்கு எதிரி.

இந்த உடுப்பின் பிறப்பே ஒருவர் நனைந்து விறைத்த கதைதான். எடி பவர் என்ற அமெரிக்கர் 1930களில் குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போய், போட்டிருந்த கம்பளி நனைந்து, உயிர் போகிற நிலைக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் தூவியைத் துணிக்குள் வைத்துக் குறுக்கே தைத்த ஜக்கெற்றைச் செய்து, 1940 இல் அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். அந்தக் குறுக்குத் தையல் அலங்காரத்துக்கு அல்ல. தூவியைச் சும்மா கொட்டி அடைத்தால் எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்துவிடும், அதனால்தான் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கிறார்கள். தையல் ஓடுகிற கோட்டில் தூவி இல்லை, அந்த இடத்தால் கொஞ்சம் குளிர் வரும். கடும் குளிருக்கான கோட்டுகளில் உள்ளே துணிச் சுவர் வைத்துப் பெட்டி மாதிரித் தைப்பார்கள், அதில் இந்தக் குறை இல்லை, பாரமும் விலையும் கூட. நீங்கள் போகிற உயரத்துக்குச் சாதாரணக் குறுக்குத் தையல் போதும், மேலே காற்றுக்கு ஒரு மெல்லிய மழைக் கோட்டைப் போட்டால் அந்தக் குளிரும் நிற்கும்.

சரி, 900 என்ற எண்ணுக்கு வருவோம். இதில்தான் கனபேர் ஏமாறுகிறார்கள்.

ஒரு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 28 கிராம் தூவியை ஓர் உருளைக்குள் போட்டு, மேலே அளவான பாரம் வைத்து, அது எத்தனை கன அங்குலம் இடம் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். 600 கன அங்குலம் பிடித்தால் 600, 900 பிடித்தால் 900. எண் கூடக் கூடத் தூவி தரமானது, அதே பாரத்துக்குக் கூட உப்பும், நன்றாகச் சுருங்கும், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இது தூவியின் குணம், ஜக்கெற்றின் சூடு அல்ல. அரிசி நல்ல சம்பா என்று தெரிந்தால் போதுமா, பானைக்குள் எத்தனை கொத்துப் போட்டார்கள் என்று தெரிய வேண்டாமா? ஜக்கெற்றுக்குள் எத்தனை கிராம் தூவி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கொத்துக் கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 தூவி 100 கிராம் அடைத்த ஜக்கெற்றில் தூவி விரியக்கூடிய இடம் ஏறக்குறைய 46 லீற்றர். 600 தூவி 150 கிராம் அடைத்ததில் 52 லீற்றர். அதாவது மலிவான 600 தான் இங்கே கூடச் சூடு பிடிக்கும். அதற்கு நீங்கள் கொடுக்கிற விலை 50 கிராம், ஒரு முட்டையின் பாரம். எண்ணைப் பெரிதாக அச்சடித்து, கிராமை எங்கேயும் சொல்லாமல் விடுகிற ஜக்கெற் என்றால் எனக்குச் சந்தேகம்தான். நல்ல மலையேற்றக் கம்பனிகள் இரண்டையும் இணையத்தில் போட்டிருப்பார்கள். அத்துடன் 90/10 அல்லது 80/20 என்று ஒரு கணக்கும் இருக்கும். நூற்றுக்கு 90 பங்கு தூவி, 10 பங்கு ஈர்க்குள்ள சிறு இறகு என்று அர்த்தம். முழுக்கத் தூவி என்று வருவது அரிது. கையால் அமுக்கும்போது நறநறவென்று ஈர்க்குக் குத்தினால் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அப்படியானால் எத்தனை கிராம்? குளிரைக் கொஞ்சம் கணித்துப் பார்ப்போம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். பொக்காரா 800 மீற்றர் அளவில் இருக்கிறது, நவம்பர் இரவில் அங்கே 13, 14 பாகை. அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீற்றர். இடையில் 3,300 மீற்றர், அதாவது 21 பாகை அளவில் குறையும். ஆகவே இரவில் பூச்சியத்துக்குக் கீழே ஏழு, எட்டு என்று எதிர்பார்க்கலாம், மாதக் கடைசியில் இன்னும் இறங்கும். மார்கழியில் 22 பாகைக்கே காதை மூடித் தொப்பி போடுகிற ஊர் எங்களது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் கணிப்பில் உங்களுக்கு 700 முதல் 800 வரையான தூவியில் 120 முதல் 180 கிராம் வரை அடைத்து, முழு ஜக்கெற்றும் 400 முதல் 550 கிராமுக்குள் நிற்கிற, தலையை மூடுகிற ஹூட் உள்ள ஒன்று போதும். யுனிக்ளோ மாதிரிக் கடைகளில் கைப்பைக்குள் அடங்கும் மெல்லிய டவுன் சட்டைகள் இருக்கின்றன. ரொறன்ரோ ஒக்ரோபருக்கு அருமை, ஆனால் 4,000 மீற்றரில் அதிகாலை நாலரைக்கு அது மட்டும் காணாது. உள்ளே தடித்த ஃபிளீஸ், அதாவது பஞ்சு மாதிரியான செயற்கை இழைச் சட்டை, இருந்தால் சமாளிக்கலாம்.

மறுபக்கம் மிதமிஞ்சியும் போக வேண்டாம். எங்கள் நாட்டில் இருந்து முதன்முதலாக எவரெஸ்ட் உச்சியில் ஏறியவர் ஒரு பெண், ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21 இல். அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் போடுகிற, தலை முதல் கால் வரை ஒரே தூவி உடுப்பின் படங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அது 8,000 மீற்றர்க் கதை.

இப்போது அண்ணாவின் கோட்டு. அது பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் பனி அள்ளுகிறவர்களுக்கும் செய்தது. தடித்த மேல்துணி, முழங்கால் வரை நீளம், ஒன்றரைக் கிலோ வரும். சுருட்டினால் உங்கள் முதுகுப்பையில் பாதி போய்விடும். சூடு குறைவு என்று அல்ல, தூக்கிக்கொண்டு ஏற முடியாது என்றுதான் வேண்டாம் என்கிறேன். அத்தோடு அது ஆண்களின் வெட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கென்று தனி ஜக்கெற் என்பதை நான் முதலில் வியாபாரத் தந்திரம் என்றுதான் நினைத்தேன். ஊதா நிறம் அடித்து விலையைக் கூட்டுகிற வேலையும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் வெட்டு உண்மையிலேயே முக்கியம். ஆண்களின் ஜக்கெற் தோளில் அகலம், இடுப்பில் ஒடுக்கம். எங்கள் உடம்புக்கு அது மாறி விழும்: தோளிலும் கழுத்திலும் வெற்றிடம், ஒவ்வொரு முறை குனியும்போதும் சூடான காற்று கழுத்தால் வெளியேறும், கீழே இடுப்பில் இறுகித் தூவி அமுங்கும். பெரிய ஜக்கெற்றுக்குள் இருக்கிற வெற்றிடத்தையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும். இடுப்புக்கு விரிகிற, பின்பக்கம் சற்று நீண்ட வெட்டுத்தான் வேண்டும்.

இதிலே ஒரு பொறி இருக்கிறது. சில பெண்கள் ஜக்கெற்றுகளில் இடையைச் சிறிதாகக் காட்ட அந்த இடத்து அறைகளை ஒடுக்கி, தூவியையும் குறைத்துவிடுவார்கள். கண்ணாடியில் வடிவு, மலையில் வயிற்றைக் குளிர் பிடிக்கும். ஒரே மொடலின் ஆண், பெண் இரண்டுக்கும் தூவிக் கிராமைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவு சின்னது என்பதால் கொஞ்சம் குறைவது நியாயம். மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அது நியாயமில்லை.

குறைவது எங்களுக்கு உதவாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே உடுப்போடு இருந்தால் பெண்களுக்குப் பெரும்பாலும் முந்திக் குளிரும், முக்கியமாகக் கையும் காலும். இது செல்லம் கொஞ்சுகிற கதை அல்ல. ஸ்லீப்பிங் பாக் என்கிற படுக்கைப் பைகளுக்கு ஐரோப்பாவில் 2002 இல் வந்த அளவுமுறையிலேயே வசதியான வெப்பநிலை என்ற எண்ணைப் பெண்ணை வைத்தும், தாக்குப்பிடிக்கும் எல்லை என்ற எண்ணை ஆணை வைத்தும்தான் கணித்தார்கள். இரண்டுக்கும் இடையில் பல பாகை வித்தியாசம். தங்குமிடத்தில் ஸ்லீப்பிங் பாக் வாடகைக்கு எடுக்கும்போது முதல் எண்ணைப் பாருங்கள். ஜக்கெற்றுக்கு இப்படிக் கடைகள் எல்லாம் பின்பற்றுகிற பொது அளவுமுறை கிடையாது. மட்டையில் மைனஸ் 10, மைனஸ் 20 என்று போடுவது அந்தந்தக் கம்பனியின் சொந்தக் கணிப்பு. ஒரே கம்பனியின் இரண்டு ஜக்கெற்றை ஒப்பிட அது உதவும், வேறு எதற்கும் அதை நம்ப வேண்டாம்.

எங்கள் பிள்ளைகளுக்கென்றே சில விஷயம் இருக்கிறது, கனடாக்காரர் சொல்ல மாட்டார்கள். பஞ்சாபிக்கு மேலே குட்டை ஜக்கெற் போட்டால் கீழே தொங்குகிற மேற்சட்டை பனியில் நனைந்து ஈரத்தை மேலே இழுக்கும். நடைக்குக் காற்சட்டையும் இடுப்பளவுச் சட்டையும் எடுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கம் இருந்தால் நடை முடியும் வரை விட்டுவிடுங்கள். கழுத்துப்பட்டியிலும் ஹூட்டிலும் எண்ணெய் ஊறினால் அந்த இடத்துத் தூவி உப்பாது, துணி ஊத்தை பிடித்து மணக்கும். நீண்ட தலைமயிர் என்றால் கொண்டையோடு ஹூட்டைப் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னலைத் தாழ்த்திப் போட்டால் ஹூட் சரியாக இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலி போட்டிருந்தால் ஜக்கெற்றைப் பூட்டுகிற சிப் அதைப் பிடித்து இழுக்கும், என் சங்கிலி ஒருமுறை அறுந்தது.

மற்றது, நேபாளத் தங்குமிடங்களில் பெரும்பாலும் குந்தி இருக்கிற கழிப்பறைதான், எங்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் நீண்ட கோட்டோடு இருட்டில் குந்துவது பெரும்பாடு. இடுப்பு எலும்பை மூடி அதற்குக் கீழே நாலு விரல் வரை வரும் நீளம் போதும். கீழாலும் திறக்கிற இருபக்கச் சிப் கிடைத்தால் இன்னும் நல்லது. உள்ளே வாய் அகன்ற பொக்கற் ஒன்று இருக்க வேண்டும். தொலைபேசியின் பற்றரி குளிரில் விரைவாக இறங்கும், உடம்போடு வைத்தால் தாங்கும். ஈரக் கையுறையைக் காயவைக்கவும் அந்தப் பொக்கற்தான். சிப்புக்குப் பின்னால் தூவி அடைத்த ஒரு பட்டி ஓடுகிறதா, கைமணிக்கட்டில் இழுவை இருக்கிறதா, அடியில் கயிறு இழுத்து இறுக்கலாமா, இவற்றையும் ஒரு கண் பார்க்கட்டும். நிறம் உங்கள் விருப்பம். வெள்ளை வேண்டாம், அவ்வளவுதான்.

மேல்துணியைப் பற்றி அதிகம் இல்லை. டெனியர் என்று ஒரு எண் இருக்கும், அது நூலின் பருமன். 10 என்றால் வெங்காயத் தோல் மாதிரி, 30 என்றால் முரடு. 20 நல்ல நடு. எந்த எண் என்றாலும் பெரும்பாலும் நைலோன்தான், தங்குமிடத்து அடுப்புப் பொறி பட்டால் ஓட்டை. ஓட்டை விழுந்தால் ஒட்டுநாடாவால் மூடுங்கள். தையலால் தூவி எட்டிப் பார்த்தால் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அதன் பின்னால் இன்னும் நாலு வரும். துணியின் மறுபக்கத்தில் பிடித்து உள்ளே இழுத்துவிடுங்கள்.

அம்மாவின் கேள்வி, சைவம். மழுப்பாமல் சொல்கிறேன். தூவி பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்த்த பறவையில் இருந்துதான் வருகிறது. முன்பு சில இடங்களில் உயிரோடு பிடுங்கினார்கள், ஈரலுக்காக வலிந்து தீத்தினார்கள். அதற்கு எதிராக 2014 இல் ஆர்.டி.எஸ். என்ற சான்றிதழ் வந்தது. அந்த முத்திரை இருந்தால் இவ்விரண்டும் நடக்கவில்லை என்று அர்த்தம், பறவை கொல்லப்படவில்லை என்று அர்த்தம் அல்ல. பழைய மெத்தை, தலையணையில் இருந்து எடுத்துத் துப்புரவாக்கிய மீள்பாவனைத் தூவியும் கிடைக்கிறது, சிலருக்கு அது மனதுக்கு ஒத்துவரும். ஒத்துவராவிட்டால் செயற்கை இழை அடைத்தது எடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. பிரிமாலொஃப்ட் என்ற இழையை 1980களில் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்தார்கள், நனைந்தால் பயனற்றுப் போகிற தூவிக்கு மாற்று வேண்டும் என்று. அதே சூட்டுக்குக் கொஞ்சம் பாரம் கூடும், சுருட்டினால் பெரிதாக இருக்கும், சில வருடத்தில் உப்பல் குறையும். ஆனால் ஈரத்தைத் தாங்கும், வீட்டிலேயே தோய்க்கலாம். என் தங்கை மகள் அதைத்தான் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள், குளிர்ந்தது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. வியர்வையோடு போட்டுவிட்டு நடுங்கியது நான்தான்.

நடைக்கு முன்னால் ஹோட்டன் சமவெளியில் பழகப் போவதாக எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை, ஆனால் அங்கே டவுன் வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர், ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றர் அளவு, நாட்டில் ஆக உயர்ந்த பேதுருதாலகால மலையே 2,524 மீற்றர்தான். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி பிடிக்கும், உண்மை. ஆனால் மற்ற நாட்களில் அங்கே குளிரை விடப் பெரிய பிரச்சினை புகாரும் தூறலும். தூவிக்கு அது ஆகாது. ஃபிளீஸும் மழைக் கோட்டும் போதும், நுவரெலியா பஜாரிலேயே பேரம் பேசி வாங்கலாம். சிவனொளிபாதமலைக்கும் இதுதான். நேபாளத்தில் நவம்பர் மழை ஓய்ந்து வானம் தெளிந்த காலம், காற்றில் ஈரம் குறைவு, அதனால்தான் அங்கே தூவி எடுபடுகிறது.

டவுனுக்கு உள்ளே என்ன போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். உடம்போடு ஒட்டுவது பருத்தியாக இருக்கக் கூடாது, வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு குளிரூட்டும். மெரினோ கம்பளி அல்லது பொலியெஸ்ரர், அதற்கு மேல் ஃபிளீஸ். நடக்கும்போது இவ்வளவுதான். நின்றதும், வியர்வை ஆறி உடம்பு குளிர முதலே, டவுனைப் போடுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் பிடித்து வைக்க உடம்பில் சூடு மிஞ்சியிருக்காது. ஆகவே அது பைக்குள் ஆக மேலே இருக்க வேண்டும்.

வாழ்க்கையில் ஒரே முறைதான் போவேன் என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன். காத்மண்டுவின் தாமேலிலும் பொக்காராவிலும் நாள் வாடகைக்குத் தருகிறார்கள். பெண்கள் அளவு குறைவாகவே இருக்கும், முந்திப் போட்டவரின் வியர்வை மணமும் இருக்கும், ஆனால் காசு மிச்சம். அங்கே பெரிய பெயர் குத்தி மலிவு விலைக்குத் தொங்குகிற புதுசுகள் பெரும்பாலும் போலி. போலி என்பதால் எல்லாம் கூடாது என்றில்லை. அமுக்கிப் பார்த்து, உடனே உப்பி வந்தால், ஒரு நடைக்குத் தாங்கும். பலாலியில் ஏறிச் சென்னை வழியாகப் போகிறீர்கள் என்றால் அங்கே டெகத்லான் கடைகளில் போட்டுப் பார்த்தே எடுக்கலாம். போட்டுப் பார்க்கிற வாய்ப்பு சித்தி வாங்கி வருவதில் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

வந்த பிறகு எங்கே வைப்பது? எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கிறது, மாரியில் அலுமாரிக்குள் தோல் செருப்புக்கே பூஞ்சணம் பிடிக்கும். கூட வருகிற சின்னப் பைக்குள் சுருட்டி அடைத்து ஒரு வருடம் வைத்தால் தூவி மடிந்து போகும். அந்தப் பை பயணத்துக்கு மட்டும்தான். பழைய பெரிய தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பக்கற் இரண்டையும் போட்டு, மேல்தட்டில் வையுங்கள். பூச்சி உருண்டை வேண்டாம், அந்த மணம் போகவே போகாது. மாசி, பங்குனியில் ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். தோய்ப்பதுதான் இங்கே சிக்கல். தூவிக்கென்று உள்ள சோப்பில், முன்பக்கக் கதவுள்ள மெசினில் தோய்த்து, உலர்த்தும் மெசினில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று ரெனிஸ் பந்தோடு மணிக்கணக்காகச் சுழற்ற வேண்டும், பந்துதான் கட்டிகளை உடைக்கும். கொடியில் காயப் போட்டால் வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே புழுங்கி மணக்கும். நான் கழுத்துப்பட்டியையும் கைநுனியையும் மட்டும் ஈரத்துணியால் துடைக்கிறேன், முழுத் தோய்ப்புக்கு ரொறன்ரோ போகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

சித்திக்கு இப்படி எழுதுங்கள்: "பெண்களுக்கான, ஹூட் உள்ள டவுன் ஜக்கெற். தூவி 700க்கு மேல், அடைத்த தூவி 120 கிராமுக்குக் குறையக் கூடாது, மொத்தம் 550 கிராமுக்கு மேல் போகக் கூடாது. இடுப்பை மூட வேண்டும். ஆர்.டி.எஸ். முத்திரை இருக்க வேண்டும்." அம்மா மறுத்தால் டவுன் என்ற இடத்தில் செயற்கை இழை என்று மாற்றி, தூவி எண்ணையும் முத்திரையையும் வெட்டிவிட்டு, மொத்தப் பாரத்தில் நூறு கிராம் கூட்டுங்கள். அதோடு உங்கள் அளவுகளையும் அனுப்புங்கள்: ஃபிளீஸ் போட்டபடி நெஞ்சு, இடுப்பின் ஆக அகலமான இடம், பிடரி எலும்பில் இருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை. எஸ், எம் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். இங்கே எம் போடுகிற பிள்ளைக்கு அங்கே எஸ், சில வேளை எக்ஸ்.எஸ். தான் சரிவரும். எம்.ஈ.சி. போன்ற மலையேற்றக் கடையில் சித்தியைப் போட்டுப் பார்க்கச் சொல்வதிலும் பயனில்லை, நாடாவால் ஜக்கெற்றை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சில் உங்கள் அளவை விட நாலைந்து அங்குலம் கூட இருந்தால் தூவி அமுங்காமல் நிற்கும். கோடையில் அங்கே கடைகளில் குளிர் உடுப்புக் குறைவு, சின்ன அளவுகள்தான் முதலில் முடியும். கொடியேறும் வரை பார்த்திராமல் ஆனி மாதத்திலேயே ஓடர் பண்ணச் சொல்லுங்கள், பிழையான அளவு வந்தால் மாற்றி எடுக்கவும் நேரம் இருக்கும்.